தேள் கொட்டிய இரண்டு திருடர்கள்: 'ஜெண்டா கைதி' நாவலின் முடிச்சு

முடிசூட்டு விழா முடிந்த மறுநாள் காலை. ருரிடானியா என்ற கற்பனை நாட்டின் தலைநகரான ஸ்ட்ரெல்சவ் அரண்மனையில் சான்சலர் காகிதக் கட்டோடு வந்து நிற்கிறார். புது ராஜா கையெழுத்துப் போட வேண்டும். ராஜாவுக்கோ விரலில் காயம், பேனா பிடிக்க முடியாது என்கிறார்கள். சான்சலர் திண்டாடிப் போகிறார். முன்பு எந்த மன்னர் காலத்திலாவது இப்படி நடந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். கடைசியில் ராஜா காகிதத்தில் ஒரு கீறல் போடுகிறார். அது சாட்சாத் அரசர் போட்ட கீறல்தான் என்று சான்சலர் ஏகப்பட்ட சத்தியம் செய்து சான்று கொடுக்கிறார். நம் ஊர் பாஷையில் சொன்னால் கைநாட்டு.

அந்தக் கைநாட்டைப் போட்டவர் ராஜாவே இல்லை. முடிசூட்டு விழாவை வேடிக்கை பார்க்க வந்த இங்கிலாந்துக்காரர்.

ஆண்டனி ஹோப் எழுதி 1894இல் வெளிவந்த 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா' நாவலில் இந்தக் காட்சி சில வரிகளில் கடந்து போய்விடும். நாவலைப் படித்தவர்களைக் கேட்டால் வாள் சண்டை, கோட்டை, அகழி, இளவரசி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கைநாட்டு வரிகள்தான் சாவி. ஏனென்றால் எழுதியவர் வக்கீல். சாகசக் கதை என்ற பெயரில் அவர் கட்டியிருப்பது வக்கீல்கள் கட்டுகிற மாதிரியான ஒரு முடிச்சு.

ஹோப்பின் முழுப்பெயர் ஆண்டனி ஹோப் ஹாக்கின்ஸ். 1863இல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1887இல் வக்கீலானார். 1892இல் லிபரல் கட்சி சார்பில் வைகோம்ப் தொகுதியில் நின்று தோற்றார். முதல் நாவலை 1890இல் சொந்தக் காசு போட்டு வெளியிட்டார். அதுவும் ஒரு கற்பனை நாட்டில்தான் நடக்கிறது, ஆனால் தென்னமெரிக்கப் பக்கத்துக் குடியரசு. அது ஒன்றும் பெரிதாகப் போகவில்லை. 1893 நவம்பர் 28ஆம் தேதி, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்டி நீதிமன்றத்தில் ஒரு வழக்கை ஜெயித்துவிட்டு நடந்தே திரும்பும்போது இந்தக் கதை மனதில் விழுந்தது. ஒரே மாதத்தில் முதல் பிரதி முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிரிஸ்டலைச் சேர்ந்த ஆரோஸ்மித் பதிப்பகம் ஒரே தொகுதியாக, மூன்றரை ஷில்லிங் விலையில் வெளியிட்டது. கனமான மூன்று தொகுதி நாவல்களை வாடகை நூலகங்கள் கைவிட ஆரம்பித்த ஆண்டும் அதுதான். ரயிலில் ஏறி உட்கார்ந்தால் முடித்துவிடக்கூடிய புத்தகத்துக்கு அதைவிட நல்ல நேரம் அமைந்திருக்காது. ஹோப் வக்கீல் தொழிலை விட்டுவிட்டார்.

கதை இதுதான். ருடால்ஃப் ராசெண்டில், வயது 29, பிரபுவின் தம்பி. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 பவுண்டு வருமானம், வேலை வெட்டி கிடையாது. "எப்போதுதான் ஏதாவது செய்யப் போகிறாய்?" என்று அண்ணி கேட்பதில்தான் நாவலே தொடங்குகிறது. ராசெண்டில் குடும்பத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1733இல் லண்டனுக்கு வந்த ருரிடானியா இளவரசர் ஒருவருக்கும் அந்த வீட்டுச் சீமாட்டிக்கும் ஏதோ இருந்தது, அதனால் ஒரு வாள் சண்டை, அப்புறம் ஒரு குழந்தை. அன்று முதல் அந்தக் குடும்பத்தில் அவ்வப்போது ஒரு பிள்ளை எல்ஃப்பெர்க் அரச வம்சத்தின் செம்பட்டை முடியோடும் நீண்ட கூர் மூக்கோடும் பிறந்துவிடும். நம் ருடால்ஃப் அப்படிப்பட்டவர்.

டிரோல் மலைப்பக்கம் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு அவர் ருரிடானியாவுக்கு ரயில் ஏறுகிறார். ஜெண்டா என்ற சிற்றூரில் இறங்கித் தங்குகிறார். காட்டில் நடக்கும்போது, மறுநாள் முடிசூட இருக்கும் ஐந்தாம் ருடால்ஃபை நேருக்கு நேர் சந்திக்கிறார். இரண்டு பேரும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். அன்றிரவு வேட்டை மாளிகையில் விருந்து. ராஜாவின் மாற்றாந்தாய் மகனான தம்பி மைக்கேல் அனுப்பியதாக ஒரு புட்டி மது வருகிறது. அதை ராஜா ஒருவரே காலி செய்கிறார். மறுநாள் காலையில் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றியும் அவர் எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் கர்னல் சாப்ட் என்ற கிழட்டுச் சிப்பாய் ஒரு கணக்குப் போடுகிறார். இன்று முடிசூடாவிட்டால் இந்த மனிதருக்கு என்றைக்கும் முடி இல்லை. மைக்கேல் தலைநகரில் தயாராக நிற்கிறான். எனவே இந்த இங்கிலாந்துக்காரர் ஒரே ஒரு நாள் ராஜாவாக இருக்கட்டும், ராத்திரி ஆளை மாற்றிக்கொள்ளலாம்.

ஆள்மாறாட்டக் கதைகளில் வாசகர் முதலில் கேட்கும் கேள்வி, "யாருக்குமே தெரியவில்லையா?" பல கதைகள் இதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஹோப் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் வைத்துவிடுகிறார். ஜெண்டா விடுதிக்காரம்மா ஒரு வம்புப் பேச்சில் சொல்கிறாள்: டியூக் மைக்கேல் எங்களோடேயே இருக்கிறவர், அவரைத் தெரியும், ராஜா பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்தவர், பத்தில் ஒருவருக்குக்கூட அவர் முகம் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பெண், இப்போது தாடியையும் எடுத்துவிட்டாராம், இனி யாருக்குமே தெரியாது என்று சேர்த்துக்கொள்கிறாள். படிக்கும்போது சும்மா சிரித்துவிட்டுப் போகும் வரி. இரண்டு மூன்று அத்தியாயம் கழித்துத்தான் அது எதற்கு அங்கே வைக்கப்பட்டது என்பது உறைக்கும். ராசெண்டில் ஜெர்மனியில் பள்ளியும் பல்கலைக்கழகமும் படித்தவர், ஜெர்மன் அவருக்குத் தாய்மொழி மாதிரி. இதுவும் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. பெயரும் இருவருக்கும் ருடால்ஃப். பொய்ப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய சங்கடம்கூட இல்லை.

இவ்வளவு ஜாக்கிரதைக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஹோப் சிறுவனாக இருந்தபோது இங்கிலாந்தையே கட்டிப்போட்ட வழக்கு டிச்போர்ன் வழக்கு. 1854இல் கடலில் காணாமல் போன ஒரு பணக்கார வாரிசு நான்தான் என்று ஆஸ்திரேலியாவின் வாகா வாகா ஊரிலிருந்து ஒரு கசாப்புக்காரர் வந்தார். பெற்ற தாயே அவரை மகன் என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் காணாமல் போனவர் பிரான்ஸில் வளர்ந்தவர், ஒல்லியானவர். வந்தவருக்கு உடம்பு பெருத்திருந்தது, பிரெஞ்சு வரவில்லை. குற்றவியல் விசாரணை மட்டும் 188 நாள் நடந்து, 1874இல் 14 ஆண்டு தண்டனையில் முடிந்தது. அந்தத் தலைமுறை ஆங்கில வக்கீல் ஒருவர் ஆள்மாறாட்டக் கதை எழுத உட்கார்ந்தால் மொழியும் உடம்பும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்திருக்கும். டிச்போர்ன் ஆசாமி சொத்துக்காக வந்தவர். ஹோப் அதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். இவருடைய போலி, எப்போதடா இதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று தவிக்கிற போலி.

முடிசூட்டு ஊர்வலத்தில் ஒரு அழகான இடம் வருகிறது. ஸ்ட்ரெல்சவ் நகரத்தில் புதுநகரம் பணக்காரர்கள் பக்கம், ராஜாவுக்கு ஆதரவு. பழைய நகரம் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் இடம், அங்கே மைக்கேல்தான் செல்லப்பிள்ளை. அதன் வாசலுக்கு வந்ததும் ராசெண்டில் காவல் படையை முன்னே அனுப்பிவிட்டு, தன் மக்களை ராஜா நம்புகிறார் என்று அவர்கள் பார்க்கட்டும் என்று சொல்லித் தன்னந்தனியாகக் குதிரையை உள்ளே விடுகிறார். கூட்டம் முதலில் முணுமுணுக்கிறது, பிறகு ஆரவாரம் செய்கிறது. அசல் ராஜாவுக்கு இந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம். போலி ஆள் அசலைவிட நன்றாக ராஜாவாக இருக்கிறார் என்ற தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அன்றிரவு திரும்பி வந்து பார்த்தால் வேட்டை மாளிகையில் காவலுக்கு விட்ட வேலைக்காரன் ஜோசஃப் செத்துக் கிடக்கிறான். ராஜாவைக் காணோம். மைக்கேலின் ஆட்கள் தூக்கிக்கொண்டு போய் ஜெண்டா கோட்டையில் அடைத்துவிட்டார்கள்.

இங்கேதான் நான் சொன்ன முடிச்சு. சாதாரண எழுத்தாளராக இருந்தால் இப்போது படை திரட்டிக் கோட்டையைத் தாக்க வைத்திருப்பார். சாப்ட் நிதானமாக யோசிக்கிறார். அரியணையில் இருப்பது போலி என்று மைக்கேலுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்க முடியுமா? "அது ராஜா இல்லை" என்றால் "அப்படியானால் ராஜா எங்கே?" என்ற அடுத்த கேள்வி வரும். கடத்தியதையும் கொலையையும் அவனே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இந்தப் பக்கம் இவர்களும் ராஜாவைக் காணோம் என்று கத்த முடியாது. கத்தினால் பேராலயத்தில் முடி சூட்டிக்கொண்டது யார் என்ற கேள்வி வரும். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்போமே, இங்கே திருடர்கள் இரண்டு பேர், இரண்டு பேரையும் ஒரே தேள் கொட்டியிருக்கிறது. வெளியே அண்ணனும் தம்பியுமாகச் சிரித்துக் கைகொடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் நாடகம் அதனால்தான் நீண்டுகொண்டே போகிறது.

மைக்கேல் ராஜாவைக் கொன்றுவிடவும் முடியாது. கொன்றால் அரியணையில் போலி நிரந்தரமாகிவிடுவார், ராஜாவை மணப்பாள் என்று ஊரே எதிர்பார்க்கும் இளவரசி ஃப்ளேவியாவும் அவருக்கே போய்விடுவாள். முதலில் போலியைத் தீர்க்க வேண்டும், அப்புறம் அசலை. அதுவரை அசல் உயிரோடு இருந்தாக வேண்டும். கைதியின் உயிருக்கு உத்தரவாதமே அந்தப் போலிதான். யோசித்துப் பார்த்தால் தலை கிறுகிறுக்கும், ஆனால் ஒரு இடத்திலும் ஓட்டை இல்லை.

கோட்டையைத் தாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. ராஜாவின் அறை ஜன்னலிலிருந்து அகழித் தண்ணீருக்குள் சரிவாக இறங்கும் ஒரு பெரிய குழாய், 'யாக்கோபின் ஏணி' என்று அதற்குப் பெயர். சத்தம் கேட்டால் காவலாளிகள் ராஜாவைக் கொன்று, பாரம் கட்டி, அந்தக் குழாய் வழியே தண்ணீருக்குள் தள்ளிவிடுவார்கள். உள்ளே புகுந்தவர்கள் பார்ப்பது காலி அறை. பிணம் இல்லாமல் கொலைக் கேஸ் எப்படி நிற்கும்? வாள் சண்டை நாவலில் வில்லன் சாட்சியத்தை ஒழிப்பதற்காக வடிவமைப்பு செய்திருக்கிறான் என்றால் அது எந்தத் தொழில்காரரின் மூளை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று அன்றைய வாசகர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 1886 ஆகஸ்டில் பல்கேரிய இளவரசர் அலெக்சாண்டரை அவருடைய அதிகாரிகளே சோஃபியா அரண்மனைக்குள் புகுந்து, துப்பாக்கி முனையில் பதவி விலக வைத்து, நாட்டை விட்டே கொண்டுபோனார்கள். நாவல் எழுதப்பட்ட 1893ஆம் ஆண்டு ஏப்ரலில் செர்பியாவின் 16 வயது அரசர் தனக்குப் பதிலாக ஆட்சி நடத்திக்கொண்டிருந்தவர்களை இரவு விருந்துக்குக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே கைது செய்தார். பத்து ஆண்டு கழித்து அவரும் மனைவியும் அரண்மனையில் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். காலையில் பத்திரிகை, மாலையில் நாவல் என்று படித்தவருக்கு இரண்டும் ஒரே கதையின் தொடர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் ருரிடானியா பால்கன் நாடு இல்லை. டிரெஸ்டனிலிருந்து ரயிலில் போய்விடலாம். ஜெர்மன் பேசும், கத்தோலிக்க மதகுரு முடிசூட்டும் ஒரு நாடு, சாக்சனிக்கும் பொஹீமியாவுக்கும் பக்கத்தில் எங்கோ. பிற்பாடு வந்தவர்கள்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனில் வைத்துவிட்டார்கள். பெயர் லத்தீனில் நாட்டுப்புறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பட்டிக்காட்டுச் சீமை என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அந்தப் பெயருக்கு நாவலைத் தாண்டிய வாழ்க்கை. சர்வதேசச் சட்டப் பாடங்களில் எந்த நிஜ நாட்டையும் புண்படுத்தாமல் உதாரணம் சொல்ல ருரிடானியா வரும். பொருளாதார அறிஞர் லுட்விக் ஃபான் மீசெஸும் இதே பெயரை உதாரண நாடாக வைத்து எழுதியிருக்கிறார். வக்கீல் உருவாக்கிய நாடு சட்டப் புத்தகத்துக்கே போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடித்த விஷயம்.

மேடைக்கு 1895இலேயே போய்விட்டது. திரையில் பல முறை வந்ததில் 1937 படம்தான் நிலைத்தது. ரொனால்ட் கோல்மனுக்கு இரட்டை வேடம், மைக்கேலின் கையாளான ரூபர்ட் ஆஃப் ஹென்சாவ் என்ற சிரித்துக்கொண்டே கத்தி குத்தும் வில்லனாக இளைய டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ். கர்னல் சாப்டாக வந்த சி. ஆப்ரி ஸ்மித், 1889இல் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கி டெஸ்ட் ஆடியவர்! அரசர் எட்டாம் எட்வர்ட் காதலுக்காக முடியைத் துறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், கடமைக்காகக் காதலைத் துறக்கும் இளவரசியின் கதை திரைக்கு வந்தது. அதற்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்குமா?

நமக்கு இந்தக் கதை 1958இல் 'நாடோடி மன்னன்' வழியாக வந்தது. படத்தின் விதையாக எம்.ஜி.ஆர். சொன்னது 1938இல் வந்த வேறொரு ஹாலிவுட் படத்தை. அதிலும் நாயகன் கோல்மன்தான். ஆனாலும் ஆள் மாறுவதும் அசல் மன்னர் கடத்தப்படுவதும் ஜெண்டாதான். எனக்குச் சுவாரஸ்யம் மாற்றிய இடங்களில். ராசெண்டில் அரியணையில் இருந்தபோது ருரிடானியாவுக்கு ஒரு சட்டம்கூடப் போடவில்லை. பழைய நகரத்து ஏழைகள் ஏன் மைக்கேல் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்கக்கூட இல்லை. லிபரல் வேட்பாளராக நின்ற மனிதர் எழுதிய நாவலில் இது எனக்குக் குறையாகவே படுகிறது. தமிழ்ப் படத்தின் போலி மன்னன் வீராங்கனோ அரியணையில் உட்கார்ந்ததும் ஏழைகளுக்கான சட்டங்களை அடுக்குகிறான். இன்னொன்று, நாவலில் அசல் ராஜாவுக்கு நிச்சயிக்கப்படும் நிலையில் இருக்கும் இளவரசியைப் போலி காதலிக்கிறார். தமிழில் மன்னருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். வந்தவன் அவளைத் தங்கையாக ஏற்றுக்கொள்கிறான். ஹோப் கடைசி வரை அவிழ்க்க முடியாமல் திணறிய சிக்கல் நம் ஊரில் ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது.

ஹோப் உண்மையிலேயே திணறினார். ராஜா மீட்கப்பட்டதும் ஃப்ளேவியா நாட்டுக்காக அவரை மணக்கச் சம்மதிக்கிறாள். ராசெண்டில் இங்கிலாந்துக்குத் திரும்புகிறார். ஆண்டுக்கு ஒரு முறை டிரெஸ்டனில் நண்பர் ஃபிரிட்ஸ் வழியாக ஒரு சிவப்பு ரோஜாவும் ஒரு வரிக் கடிதமும் வரும். வாசகர்களுக்கு இது போதவில்லை. தப்பி ஓடிய ரூபர்ட் இருக்கும்போது அடுத்த பாகம் இல்லாமல் இருக்குமா? 1898இல் 'ரூபர்ட் ஆஃப் ஹென்சாவ்' புத்தகமாக வந்தது. அதில் ரூபர்ட் அசல் ராஜாவைக் கொன்றுவிடுகிறான், ராசெண்டில் ரூபர்ட்டைக் கொல்கிறார். அரியணை காலி, ஊரே இவரைத்தான் ராஜா என்று நம்புகிறது, ஃப்ளேவியா காத்திருக்கிறாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பொய் நிரந்தரமாகிவிடும். அவர் யோசித்துச் சொல்லும் முன்பே ரூபர்ட்டின் கையாள் சுட்டுவிடுகிறான். ஆசிரியர் தப்பித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அசல் ராஜாவின் உடல் கிடந்த வேட்டை மாளிகையை சாப்ட் எரித்துவிடுகிறார். எரிந்தது இங்கிலாந்துக்காரர் என்று ஊருக்குச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்துக்காரர் ராஜாவாக ஸ்ட்ரெல்சவில் அடக்கமாகிறார். கல்லறையில் என்ன எழுதுவது? பொய்யும் எழுதக்கூடாது, உண்மையும் எழுதக்கூடாது. ஃப்ளேவியா லத்தீனில் ஒரு வரி பொறிக்கிறாள்: இந்நகரில் அண்மையில் ஆண்ட, அவள் நெஞ்சில் என்றும் ஆளும் ருடால்ஃபுக்கு. எத்தனையாவது ருடால்ஃப் என்ற எண் அதில் இல்லை.